முதுகெலும்பு காசநோய்க்கு ஏன் 'பாட்ஸ் நோய்' என்று பெயர்? யார் இந்த பெர்சிவல் பாட்?

முதுகு வலி வந்தால் என்ன செய்வோம்? தைலம் தேய்ப்போம், ஒரு மாத்திரை போடுவோம், தானா சரியாயிடும்னு விட்டுவிடுவோம். ஆனால் வலி வாரக்கணக்கில் நீடிக்கிறது, மாலையில் காய்ச்சல் வருகிறது, உடல் எடையும் குறைகிறது என்றால், மருத்துவர்கள் சந்தேகிக்கும் நோய்களில் ஒன்று 'பாட்ஸ் நோய்', அதாவது முதுகெலும்பு காசநோய். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் வாழ்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரின் பெயர்தான் இந்த நோய்க்கு நிலைத்துவிட்டது.

காலை எடுக்காமல் தப்பியவர்

பெர்சிவல் பாட் 1714இல் லண்டனில் பிறந்தார். சின்ன வயதிலேயே தந்தையை இழந்தவர். எட்வர்ட் நோர்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணரிடம் தொழில் கற்று, புனித பர்த்தலோமியோ மருத்துவமனையில் 1749இல் முழுநேர அறுவை சிகிச்சை நிபுணரானார்.

1756இல் குதிரையிலிருந்து விழுந்ததில் கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. அவர் பதறவில்லை. யாரும் தன்னைத் தூக்கவிடாமல், குளிர்ந்த தெருவிலேயே படுத்திருந்தார். ஒரு கதவை விலைக்கு வாங்கச் சொல்லி, அதில் கம்புகளை அடிக்க வைத்து, அதன் மேல் படுத்தபடி வீடு போய்ச் சேர்ந்தார். காலை எடுக்கக் கருவிகள் தயாராக இருந்த நேரத்தில் வந்த குரு நோர்ஸ், காலைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். கால் பிழைத்தது. படுக்கையில் இருந்த நாட்களில்தான் பாட் புத்தகம் எழுத ஆரம்பித்தார். புகைபோக்கி சுத்தம் செய்பவர்களின் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று 1775இல் சொன்னவரும் இவர்தான்.

கூன் காரணமல்ல, விளைவு

அந்தக் காலத்தில் முதுகு வளைந்து, கால்கள் செயலிழந்த குழந்தைகளை இரும்புச் சட்டம் கட்டி நிமிர்த்தப் பார்த்தார்கள். 1779இல் பாட் வெளியிட்ட நூல் அதை மறுத்தது. முதலில் எலும்பு நோயால் அரிக்கப்படுகிறது, பிறகே முதுகு வளைகிறது, வளைவை நிமிர்த்துவதால் பயனில்லை என்றார்.

ஆனால் அவர் கையில் மருந்து இல்லை. கூனின் இரு பக்கமும் புண் உண்டாக்கி, மாதக்கணக்கில் சீழ் வடிய வைத்தார். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் அறிவித்ததே 1882இல்தான். பாட் 1788இலேயே இறந்துவிட்டார். முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

பின்னர் சென்னையில் நடந்த ஆய்வுகளும், பெரும்பாலான நோயாளிகளை மாத்திரைகளே குணப்படுத்தும் என்று காட்டின. நரம்பு அழுத்தம், எலும்புச் சிதைவு போன்ற நிலைகளில்தான் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

இப்போது என்ன சிக்கல்?

மருந்துக்கே அடங்காத கிருமிகள் வந்துவிட்டன. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய்க்கு வேறு மருந்துகள் தேவை. சிகிச்சையும் பெரும்பாலும் நீளும்.

முதுகெலும்பில் இன்னொரு சிரமமும் உண்டு. நுரையீரல் காசநோய் என்றால் சளியை எடுத்துப் பரிசோதித்துவிடலாம். இங்கே ஸ்கேன் பார்த்தபடி ஊசி செலுத்தி, எலும்பிலிருந்தோ சீழிலிருந்தோ மாதிரி எடுக்க வேண்டும். அதை மரபணு சோதனைக்கும் கல்ச்சருக்கும் அனுப்பினால்தான் எந்தக் கிருமி, எந்த மருந்து வேலை செய்யும் என்று தெரியும். ஸ்டேஃபிலோகாக்கஸ் போன்ற பிற பாக்டீரியாக்களும் முதுகெலும்பைத் தாக்கும் என்பதால் இது அவசியம். மாதிரி எடுக்கும் முன்பே கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால், கிருமி சோதனையில் சிக்காமலே போகலாம்.

கவனிக்க வேண்டியவை

நீடிக்கும் முதுகு வலியோடு காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். கால் மரத்துப்போனாலோ, பலவீனமானாலோ, சிறுநீர் கட்டுப்பாடு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிகிச்சை மாதக்கணக்கில் நடக்கும். வலி போயிடுச்சுன்னு மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பாட் காலத்தில் இல்லாத மருந்து நம்மிடம் இருக்கிறது; அது தொடர்ந்து வேலை செய்ய வேண்டுமென்றால் முழுசா சாப்பிட்டு முடிக்க வேண்டும்.