இல்லாததைத் தேடிய விஞ்ஞானி

1950-ம் ஆண்டு. இங்கிலாந்தில் வேலை பார்த்து வந்த அணு விஞ்ஞானி ஒருவர், மனைவியுடனும் 3 மகன்களுடனும் இத்தாலிக்கு விடுமுறைக்குச் சென்றார். திரும்பி வரவே இல்லை!

ரகசியங்களோடு ஓடிவிட்டார் என்று உலகம் சந்தேகித்தது. ஆனால் அது நிரூபிக்கப்படவில்லை. 1955-ல்தான், அவர் ரஷியாவில் இருப்பது வெளியே தெரிந்தது.

அவர் பெயர் புருனோ பொன்டிகார்வோ.

சைக்கிளில் தப்பினார்

1913-ல் இத்தாலியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ரோம் நகரில் மேதை பெர்மியின் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவில் இவர்தான் இளையவர். பிறகு பாரிஸ் சென்றார். அங்கே கம்யூனிஸ்டு கட்சியில் சேர்ந்தார்.

1940-ல் ஹிட்லரின் படை பாரிசை நெருங்கியது. மனைவியையும் குழந்தையையும் ரெயிலில் அனுப்பிவிட்டு, இவர் சைக்கிளில் தப்பினார். அமெரிக்கா போய், பிறகு கனடா சேர்ந்தார்.

வானத்து விருந்தாளி

வானத்திலிருந்து மியூவான் என்ற துகள்கள் நம் மீது ஓயாமல் பொழிகின்றன. மியூவான், எலெக்ட்ரானுக்கு அண்ணன் மாதிரி. எடை 207 மடங்கு. ஆனால் அற்பாயுள்! ஒரு வினாடியை 10 லட்சம் பங்காக்கினால், சுமார் 2 பங்கு நேரமே இருக்கும். பிறகு சிதைந்து எலெக்ட்ரான் ஆகிவிடும்.

மிச்ச சக்தி எங்கே போகிறது? ஒளிக்கதிராக வெளியேறுகிறதா? 1947-ல் கனடாவில் பொன்டிகார்வோவும், ஹிங்க்ஸ் என்ற விஞ்ஞானியும் தேடினார்கள்.

கதிர் அகப்படவில்லை!

அகப்படாததும் ஒரு செய்திதான். மியூவான் வெறும் கனத்த எலெக்ட்ரான் அல்ல. அது தனி இனம். மிச்ச சக்தியைக் கண்ணுக்குத் தெரியாத 2 நியூட்ரினோக்கள் கொண்டு போகின்றன.

அந்த நியூட்ரினோக்களும் வெவ்வேறு இனமா? அதைச் சோதிக்கும் வழியை 1959-ல் பொன்டிகார்வோ எழுதினார். 1962-ல் அமெரிக்காவில் அது உண்மை என்று தெரிந்தது. சோதித்த 3 பேருக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. இவருக்கு இல்லை.

தேடல் தொடர்கிறது

நியூட்ரினோ இனம் மாறக்கூடும் என்றும் இவர் சொல்லியிருந்தார். 1998-ல் ஜப்பானில் அதற்கு ஆதாரம் கிடைத்தது. பார்க்க அவர் இல்லை, 1993-ல் இறந்துவிட்டார்.

அப்படியானால், மியூவானும் இனம் மாறி, எலெக்ட்ரானும் ஒளிக்கதிருமாகச் சிதையுமா? இன்று தெரிந்த விதிகளின்படி, அதைக் கண்ணால் காணவே முடியாது, அவ்வளவு அரிது. ஆகவே உறுதியாக ஒரு சிலவற்றைக் கண்டுவிட்டாலும், நாம் அறியாத புதுச் சக்தி ஒன்று உண்டு என்று அர்த்தம்!

சுவிட்சர்லாந்தில் நடந்த சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. 10 லட்சம் கோடி மியூவான் சிதைந்தால், இப்படிச் சிதைபவை 5 கூட இருக்காது என்றது. அதன் பிறகும் தேடுகிறார்கள்.

பொன்டிகார்வோவின் அஸ்தியில் பாதி ரஷியாவில் இருக்கிறது. அவர் விருப்பப்படி, மறுபாதி ரோம் நகரில் அடக்கம் செய்யப்பட்டது.