தம் நகரில் குடியிராத ஆயர்

செல்வர் வீட்டுப் பிள்ளை, படிப்பிலே கெட்டிக்காரன், பக்திமான். அவனுக்கென்ன கவலை என்று கேட்பீர்கள். பாரிஸ் நகரிலே இயேசு சபையாரின் கிளெர்மோன் கல்லூரியில் பயின்ற அத்தகைய மாணவர் ஒருவர், 1586ஆம் ஆண்டின் முடிவில் தொடங்கி ஏறக்குறைய ஆறு வாரங்கள் உணவும் உறக்கமும் இன்றி மெலிந்துபோனார். சவோய் நாட்டுப் பிரபு குலத்தவரான பிரான்சிஸ் சலேசியாரே அவர். அப்பொழுது வயது 19.

மீட்படைவோர் யார், அழிவோர் யார் என்பதை இறைவன் முன்னரே தீர்த்துவிட்டாரா? வேதசாஸ்திரிகள் காரசாரமாக விவாதித்த இவ்விஷயம் இளைஞரின் நெஞ்சிலே முள்ளாய்த் தைத்தது. அழிவோர் வரிசையில் தாமும் ஒருவரோ என்று நடுங்கினார். நாமோ மழை பொய்க்குமோ, பிள்ளை பரீட்சையில் தேறுவானோ என்று தூக்கம் கெடுகிறோம். அவர் கவலைப்பட்டது நித்தியத்தைக் குறித்து!

ஒருநாள் கோயிலில் தேவமாதாவின் சுரூபத்தின்முன் முழந்தாளிட்டார். மறுமையில் தமக்கு எது நேரினும், இம்மையிலாவது இறைவனை முழு உள்ளத்தோடும் நேசிப்பதாக உறுதிகொண்டார். பாரம் இறங்கிற்று. கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1593இல் குருவானார். மறு ஆண்டு சப்லே பகுதிக்கு மறைபரப்பச் சென்றபோது, கல்வினியரான மக்கள் பிரசங்கம் கேட்க வரவில்லை. வராதவரை வரவழைப்பது எப்படி? சிறு தாள்களில் எழுதி வீட்டுக் கதவுகளின் கீழே நுழைத்துவிட்டார். இதனாலேயே 11ஆம் பத்திநாதர் 1923இல் பத்திரிகையாளருக்கு இவரைப் பாதுகாவலராக்கினார்.

1602இல் ஜெனீவாவின் ஆயரானார். அந்நகரோ கல்வினியர் வசம். அங்கே அவருக்கு ஆசனம் இல்லை. அன்னெசி என்ற சிற்றூரிலிருந்தே 20 ஆண்டுகள் மறைமாவட்டத்தை நடத்தினார். மலைக்கிராமங்களுக்குப் போனார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தார், ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார். 1609இல் வெளிவந்த நூலில், பாவத்துக்கு அடுத்த பெருந்தீமை மனக்கலக்கமே என எழுதியவர் அதை அனுபவித்தே எழுதினார்.

யோவான்னா சாந்தால் அம்மையாரோடு 1610இல் அவர் தொடங்கிய கன்னியர் சபை, வெளியே சென்று நோயாளரைச் சந்திக்க வேண்டும் என்பது அவர் ஆசை. லியோன் பேராயரோ அடைபட்ட மடமாக்கும்படி வற்புறுத்தினார். தம் எண்ணமே சிறந்தது என்று கருதியபோதும் சலேசியார் இணங்கினார். எனக்கு இது பாரிஸில் நடந்ததைவிடக் கடினமாகத் தோன்றுகிறது.

1622 டிசம்பர் 28ஆம் நாள் லியோன் நகரில், அச்சபையாரின் மடத்துத் தோட்டக்காரர் குடிசையில் உயிர் நீத்தார். மறு மாதம் அவர் உடலை அன்னெசிக்குக் கொண்டுவந்தார்கள்.