ரெம்பிராண்டின் நாணற்பேனா

ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரில், மாவரைக்கும் ஆலையுடையார் ஒருவரின் மைந்தராய் 1606-ம் ஆண்டிற் பிறந்தவர் ரெம்பிராண்ட். ஆம்ஸ்டர்டாம் நகரிற் குடியேறி, ஓவியத்தாற் புகழும் பொருளும் ஒருங்கே எய்தினார். ஆயின் 1642-ல் மனைவியார் சாஸ்கியா மறைந்தார். 1656-ல் கடன் முற்றிப் பின்னர்ப் பொருள்கள் ஏலத்திற்கு உள்ளாயின. பேனாவும் மையுமோ அவரைக் கைவிட்டில.

பழுப்பு மை தோய்ந்த நாணற்பேனாவாற் சில கோடுகளே இழுப்பார். நடைபயிலும் குழவியின் தள்ளாட்டமும், தாங்கும் கைகளின் பரிவும் அவற்றுள் உயிர்பெறும். நம் நாட்டு மொகலாயச் சிற்றோவியங்களைக் கண்டு அவர் வரைந்த படங்களும் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் உள.

சிறு கறையுள்ள பனியன் துணியும் கழிக்கப்படுதலைக் கண்டு வளர்ந்த திருப்பூர்ப் பக்கத்து மாணவராகிய எமக்கு, அவருடைய 1662-ம் ஆண்டு ஓவியமொன்று மிக அணித்து. துணியின் தரம் ஆயும் ஆம்ஸ்டர்டாம் அதிகாரிகளை அதில் தீட்டினார். அதற்கென முன்னர் வரைந்த பேனாப்படங்கள் மூன்று கிடைத்துள; ஒருவர் எழுந்து நிற்கும் நிலையைத் தனித்தாளில் ஆய்ந்துள்ளார். துணியை அவர்கள் நோக்கியவாறே மாந்தரை இவர் நோக்கினார்; ஆனால் எவரையும் கழித்திலர்.

1669-ல் வறியராய் இறந்து, பெயர் பொறியாக் கல்லறையில் அடங்கினார். செல்வம் போயினும், பிறரைப் பரிவோடு காணுங் கண் போகாதென்பதை அக்கோடுகளினின்று யாம் கற்கின்றோம்.