முதலில் வண்டி, பிறகு ஸ்பேனர்: ஜி.டி.நாயுடு கற்ற பட்டறைத் தொழில்

பத்து காஜா - வீட்டு முன்புறம் தகரக் கூரை போட்டு, தன் மோட்டார் சைக்கிளோடு அண்டை வீட்டாரின் வண்டியையும் பழுதுபார்க்கும் இளைஞர்களுக்கு பத்து காஜாவிலும் சுற்றியுள்ள பழைய தோட்டப்புறங்களிலும் பஞ்சமில்லை. இவர்களில் பலர் செய்யும் முதல் செலவு ஒரு பெரிய கருவிப் பெட்டி. நூறு துண்டு, நூற்றைம்பது துண்டு என்று விற்கும் அந்தப் பெட்டியை ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், கையழுக்கு ஏறியிருப்பது பத்துப் பன்னிரண்டில்தான். மற்றவை வாங்கிய நாளில் இருந்த பள்ளத்திலேயே படுத்திருக்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு கோயம்புத்தூரில் ஒருவர் இதற்கு நேர் எதிர்த்திசையில் தொடங்கினார். முதலில் ஒரு வண்டியை வாங்கினார். அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். பட்டறை அதற்குப் பின்புதான் வந்தது. இந்தியாவின் எடிசன் என்று பின்னாளில் பெயர் பெற்ற ஜி.டி.நாயுடுதான் அவர்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி, கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. வயல் வேலைக்கு அனுப்பப்பட்ட பையனின் வாழ்க்கையைத் திருப்பியது, லங்காஷயர் என்ற பிரிட்டிஷ் வருவாய் அதிகாரி அவ்வழியே ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியை அவர் பார்த்தது அதுவே முதல் முறை.

வண்டி வேண்டும், கையில் காசில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சுமார் மூன்று ஆண்டுகள் சம்பளத்தைச் சேர்த்து, அதே அதிகாரியைத் தேடிப் பிடித்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். பிறகு, ஓட்டி மகிழ்ந்ததோடு நிற்காமல் அதைப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டினார். அவருடைய மெக்கானிக் தொழில் அங்கே தொடங்கியது.

ரட்ஜ் நிறுவனம் மோட்டார் சைக்கிள் விற்கத் தொடங்கியதே 1911இல்தான். அந்நாளில் கோயம்புத்தூர்ப் பக்கம் இதைச் சொல்லித்தரப் பள்ளியும் கிடையாது, ஆசானும் கிடையாது. ஒற்றை சிலிண்டர், இயந்திரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு வார்ப்பட்டை என்று அமைப்பு எளிமையானதுதான். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பிரிட்டிஷ் வண்டிகளின் நட்டும் போல்ட்டும் விட்வொர்த் போன்ற பிரிட்டிஷ் அளவுகளில் வந்தன. அந்த ஸ்பேனரில் பொறித்த எண் போல்ட் தண்டின் பருமனைக் குறிக்கும், தலையின் அகலத்தை அல்ல. அமெரிக்க வண்டிகளுக்கு வேறு அங்குல அளவு. ஐரோப்பாவில் மில்லிமீட்டர். ஒன்றுக்கு வாங்கிய ஸ்பேனர் இன்னொன்றில் ஏறாது. வலிந்து ஏற்றினால் நட்டின் முனை மழுங்கிப் போகும்.

இன்று பத்து காஜாவில் பட்டறை போடுபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான்: வாசலில் நிற்கும் வண்டி எது? ஜப்பானிய கப்சாய் என்றால் 8, 10, 12, 14, 17 மில்லிமீட்டர் ஸ்பேனரும் அதே அளவு சாக்கெட்டும் பெரும்பாலான வேலையை முடித்துவிடும். புரோட்டோன், பெரோடுவா கார் என்றால் அவற்றோடு 19 சேரும். சக்கர நட்டுக்கு 19 அல்லது 21. அங்குல அளவுத் துண்டுகள் பெட்டியின் எண்ணிக்கையைக் கூட்டத்தான் உதவும். சாக்கெட்டில் பன்னிரண்டு முனை உள்ளதைவிட ஆறு முனை உள்ளதே துருப்பிடித்த நட்டை வழுக்காமல் பிடிக்கும். இன்னொன்று, பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் இருக்கும் கூட்டல் குறித் திருகுகள் சாதாரண பிலிப்ஸ் திருப்புளிக்கு உரியவை அல்ல. அவற்றுக்கு ஜப்பானியத் தர அளவில் தனித் திருப்புளி உண்டு. இது தெரியாமல் எத்தனை கார்புரேட்டர் திருகுகள் பாழாகியிருக்கின்றனவோ!

நாயுடுவின் பாதை நேராகப் போய்விடவில்லை. திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை நடத்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் நன்றாகச் சம்பாதித்தார். சம்பாதித்ததோடு பம்பாய் சென்று பஞ்சு வணிகத்தில் இறங்கினார், இழந்து திரும்பினார். பணம் போனாலும் கைத்தொழில் கையிலேயே இருந்தது. கோயம்புத்தூரின் ஸ்டேன்ஸ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ராபர்ட் ஸ்டேன்ஸ் கொடுத்த ஆதரவில், தவணை முறையில் ஒரு பேருந்தை எடுத்து 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே, பழுதுபார்ப்பவரும் அவரே.

வீட்டில் வண்டியைப் பிரிப்பது ஒன்று, வழியில் பயணிகளோடு நின்றுபோன பேருந்தைக் கிளப்புவது வேறொன்று. அந்தக் காலத்துச் சாலைகளில் பஞ்சர் அன்றாடச் சங்கதி. ஜாக்கியும் டயர் நெம்புகோலும் காற்றடிக்கும் பம்பும் வண்டியிலேயே இருந்தாக வேண்டும்.

ஜாக்கியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான் ஜாக்கி; தாங்குவதற்கு அல்ல. அதன் எண்ணெய் அடைப்பு கசிந்தால் வண்டி இறங்கிவிடும். காருக்கு அடியில் போகிறவர் இரண்டு இரும்புத் தாங்கிகளை, அதாவது ஜேக் ஸ்டேண்டை, சமதளமான சிமெண்டுத் தரையில் வைத்த பிறகே படுக்க வேண்டும். செங்கல்லும் பலகையும் அதற்கு ஈடாகா. பணம் குறைவாக இருந்தால் வேறு எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம், இதை மட்டும் முடியாது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பத்து காஜாவில் வில்லியம் கெல்லி ஸ்மித் தம் மாளிகையைத் தமிழகத் தொழிலாளர்களைக் கொண்டு எழுப்பிக்கொண்டிருந்தார். 1926இல் லிஸ்பன் நகரில் அவர் இறந்தார். மாளிகைக்கு மின்தூக்கி வாங்கப் போன பயணம் அது என்றே சொல்லப்படுகிறது. வீடு முடியும் முன்பே இயந்திரம் வாங்கப் புறப்பட்டவரின் கெல்லி மாளிகை இன்றும் அரைகுறையாகவே நிற்கிறது.

நாயுடுவின் ஒற்றைப் பேருந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற நிறுவனமாக வளர்ந்தது. யு.எம்.எஸ். என்றால் கொங்கு வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. வண்டிகள் பெருகப் பெருகப் பட்டறையும் பெருகியது; பழுதுபார்க்கும் இடம் மெல்ல மெல்லப் பொருள் செய்யும் இடமாக மாறியது. உலர் மின்கலத்தில் ஓடும் ரசாந்த் என்ற சவரக் கருவி, பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி என்று அவர் கைவைத்த பொருள்கள் பல. 1937இல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அறியப்படுகிறது. கோயம்புத்தூர் பின்னர் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊரானதற்கு அது ஒரு தொடக்கம்.

மின்மோட்டார் செய்வதற்குச் சுத்தியலும் ஸ்பேனரும் போதா. அதில் சுழலும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் நடுவே விடும் இடைவெளி மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணால் அளக்க முடியாது. பழுதுபார்ப்பவர் செய்பவராக உயரும் இடத்தில் அளவுக் கருவி வந்துவிடுகிறது. நம் வீட்டுப் பட்டறைகளில் பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான். சிறிய ஹோண்டா இயந்திரங்களில் வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகள் இல்லாமல் அதைச் சரிசெய்கிறேன் என்பது குருட்டாம்போக்கு. மல்டிமீட்டர் ஒன்று இருந்தால், நல்ல பேட்டரியை மாற்றிக் காசை வீணாக்க வேண்டியதில்லை: இயந்திரம் நிற்கும்போது பன்னிரண்டரை வோல்ட் அளவிலும், ஓடும்போது பதினான்கு வோல்ட்டை ஒட்டியும் காட்டினால் பழுது வேறெங்கோ இருக்கிறது. அலுமினியத் தலையில் ஸ்பார்க் பிளக்கை அளவுக்கு மீறி முறுக்கி மரையைக் கெடுத்தவர்களுக்கு டார்க் ரெஞ்சின் அருமை தெரியும்.

நாயுடு பள்ளியை விட்டு ஓடியதைப் பலர் பெருமையாகப் பேசுவதுண்டு. தோட்டப்புறப் பிள்ளைகளிடம் அந்தக் கதையை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை. அவர் தாமாகப் படித்துக்கொண்டே இருந்தவர். மற்றவர்கள் படிக்க இடமும் அமைத்தவர். 1945இல் அவருடைய நன்கொடையில் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கூடமும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அதுதான். முதல்வராகவும் அவரே இருந்தார். நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டாண்டு போதும் என்பது அவர் வாதம். அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். அவர் குறுகிய காலம் கேட்டாரே தவிர, படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. பேராக்கில் இதற்கு வழியில்லாமலும் இல்லை: நாட்டின் முதல் பொலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969 முதல் ஈப்போவில் இருக்கிறது; மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பயிற்சியிலும் வாகனத் துறை உண்டு. வீட்டு வாசலில் நண்பனின் வண்டியைப் பார்ப்பது வேறு, காசு வாங்கித் தொழிலாகச் செய்வது வேறு. அதற்கு ஊராட்சி மன்ற உரிமம் வேண்டும். கழித்த எஞ்சின் எண்ணெயைக் கால்வாயில் ஊற்றும் பழக்கமும் நிற்க வேண்டும்.

நாயுடுவுக்குக் கைகூடாதவையும் உண்டு. 1952இல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் தரத் திட்டமிட்டார். தயாரிக்க உரிமம் கிடைக்கவில்லை. அந்தக் கார் தெருவுக்கு வரவே இல்லை. 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி அவர் காலமானார்.

கோயம்புத்தூர் அவினாசி சாலையில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகமும், அதே வளாகத்தில் பழைய கார்களுக்கான ஜீடீ கார் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பழனிக்குப் போகும் நம் ஊர்ப் பக்தர்கள் பலர் கோயம்புத்தூரில் இறங்கி, பொள்ளாச்சி வழியாகத்தான் போகிறார்கள். அந்த ஒற்றைப் பேருந்து ஓடிய சாலை அது.