பேதஞானம் அருளிய ஆசார்ய குந்தகுந்தர்

பொன்னமராவதிக்கு அண்மையிலுள்ள தேனிமலையில் ஆண்டார் மடம் என்னும் இயற்கைக் குகைத்தளம் உள்ளது. மலயத்துவசர் என்னும் முனிவர் அங்குத் தவம் புரியக் கண்டு, இருக்குவேள் தலைவன் ஒருவன் வணங்கிப் பள்ளிச்சந்தம் அளித்த செய்தியை அங்குள்ள பழங்கல்வெட்டு தெரிவிக்கிறது. அம்முனிவர்தம் குலமோ ஊரோ அதில் இல்லை. அத்தகையோர் கற்படுக்கைகளில் அமர்ந்து அகத்தே எதனை ஆய்ந்தனர் என அறிய விழைவோர், ஆசார்ய குந்தகுந்தரையே நாட வேண்டும்.

பகவான் மகாவீரர், கௌதம கணதரர் ஆகியோர்க்கு அடுத்து நாம் மங்களம் கூறும் திருப்பெயர் அவருடையது. கி.பி. முதல் நூற்றாண்டினர் என்பது மரபு. இன்றைய ஆந்திரத்துக் கோனகொண்ட்லா என்னும் ஊரால் அப்பெயர் அமைந்தது என்பர் ஆராய்ச்சியாளர். வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையே அவர் தவநிலம் என்பது நம் முன்னோர் கொள்கை. பதுமநந்தி, ஏலாசாரியர் என்னும் பெயர்களும் அவர்க்கு வழங்குகின்றன. ஏலாசாரியரே திருக்குறளை அருளினார் என்று நம்மவர் வழிவழியாகக் கூறி வருவதும் யாவரும் அறிந்ததே. சாரணர் துணையால் விதேக க்ஷேத்திரம் சென்று சீமந்தர தீர்த்தங்கரரின் திருமொழி கேட்டு மீண்டார் என்ற வரலாறும் உண்டு.

வாழ்க்கைக் குறிப்புகள் இவ்வளவு அருகியிருப்பதில் வியப்பில்லை. அமிர்தசந்திரர் உரைப்படி 415 காதைகள் கொண்ட சமயசாரத்தில் அவர் தம் பெயரை ஓரிடத்தும் பதிக்கவில்லை. 'நான்', 'எனது' என்று நாம் பற்றி நிற்பவை எவை என்பதே அந்நூலின் வினா. உடல், சினம், செருக்கு, வினைப்பயன் ஆகிய அனைத்தையும் ஒவ்வொன்றாக விலக்கி, அறியும் தன்மை ஒன்றே உயிர் என அவர் நிறுவுகிறார். ஆன்மாவே இல்லை என்ற பௌத்தர் முடிபு வேறு, இது வேறு. வேறொருவர் ஆடையைத் தனதென எண்ணிப் போர்த்துறங்கியவன், உடையவர் வந்து அடையாளம் காட்டியதும் கழற்றித் தருவது போன்றது துறவு என்று அமிர்தசந்திரர் விளக்குவார். ஆடையைக் கழற்ற அங்கே வலிமை தேவைப்படவில்லை, அறிந்ததே போதுமாயிற்று.

ஆயின் இவ்வறிவு சொல்லளவில் நின்றுவிடும் ஆபத்தையும் ஆசார்யர் உணர்ந்திருந்தார். நான் தூயவன், உடல் செய்வது என் வினையன்று என்று கூறி ஒழுக்கத்தைக் கைவிடுவோர்க்கு அவர் நூல்களில் இடமில்லை. எண்ணெய் பூசியவன் புழுதி நிலத்தில் படைக்கலப் பயிற்சி செய்தால் தூசு ஒட்டும். ஒட்டச் செய்வது பயிற்சியன்று, எண்ணெய்ப் பசையே. அப்பசை ஆசை எனக் காட்டினார். பிரவசனசாரத்திலோ இன்னும் கடுமை. உயிர் இறந்தாலும் இறவாவிடினும் கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதி என்றார். அடி எடுத்து வைத்தல், உண்ணல், ஒரு பொருளை எடுத்து வைத்தல் ஆகிய சமிதிகள் யாவும் இவ்விழிப்பின் பயிற்சிகளே. இரவுணவு நீக்கி, நீரை வடித்துப் பருகும் நம் இல்லங்களில் இவை வெறும் வழக்கமாகத் தேய்ந்துவிடலாகாது என்பதே என் கவலை.

அவர் நிலத்திற்கு நான்கு விரற்கடை மேலே நடந்தார் என்று சிரவணபெளகொளக் கல்வெட்டு ஒன்று புகழும். அகத்தும் புறத்தும் தூசு தீண்டாதவர் என்பதை உணர்த்தவே அவ்வாறு சென்றார் எனக் காரணமும் சொல்லும்.

நம் சமூகத்துப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1920இல் பஞ்சாஸ்திகாயத்தையும், 1950இல் சமயசாரத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து உலகறியச் செய்தார். பொன்னூர் மலை உச்சியில் இன்றும் நாம் வணங்குவது ஆசார்யரின் திருவடிச் சுவடுகளையே.