இரங்கூனில் வாழ்ந்த அறச்செல்வர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா

பகவான் மகாவீரர் இல்லறத்தார்க்கு வகுத்தருளிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. கொல்லாமையைப் பற்றியும் பொய்யாமையைப் பற்றியும் பேசுமளவுக்கு நாம் இதனைப் பற்றிப் பேசுவதில்லை. பொருள் ஈட்டுதல் இல்லறத்தார் கடமை. ஈட்டிய பொருளுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, எஞ்சியதைப் பிறர்க்குப் பயன்படச் செய்வது அதனினும் அரிய கடமை. பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து பொருள் தேடச் சென்றவர்க்கு இக்கடமை இன்னும் அரிதாகிவிடுகிறது. புதிய நாட்டில் அவரைக் கேட்பாரும் இல்லை, கண்டிப்பாரும் இல்லை.

அவ்வாறு சென்று பெருஞ்செல்வம் ஈட்டியும் அச்செல்வத்துக்கு அடிமையாகாது வாழ்ந்த ஒரு சமணப் பெருமகனாரை இம்மலரின் வாயிலாக நினைவுகூர விழைகிறேன். காந்தியடிகளின் வரலாற்றைப் படித்தவர்கள் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா என்னும் பெயரை ஓரிரு இடங்களில் கண்டிருப்பர். அவர் சமணக் குடும்பத்தில் தோன்றியவர் என்பதையும், அவர் வாழ்ந்த இடம் இரங்கூன் என்பதையும் நம்மவருள் அறிந்தோர் சிலரே.

பிறப்பும் கல்வியும்

சௌராட்டிரப் பகுதியில் மோர்பி என்னும் சிற்றரசின் தலைநகரில் 1864ஆம் ஆண்டு ஒரு சமண வணிகக் குடும்பத்தில் பிராண்ஜீவன்தாஸ் ஜகஜீவன்தாஸ் மேத்தா பிறந்தார். பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பயின்றபின் ஐரோப்பா சென்று, பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரசெல்சில் மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றார். அதனோடு அமையாது இலண்டனில் சட்டமும் பயின்று பாரிஸ்டர் ஆனார். கடல் கடப்பதையே குற்றமாகக் கருதிச் சாதியினின்று விலக்கிய காலம் அது. அக்காலத்தில் மருத்துவம், சட்டம் ஆகிய இருபெருந்துறைகளிலும் ஐரோப்பியக் கல்வி பெற்ற இந்தியர் மிகச் சிலர்.

1888ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பதினெட்டு அல்லது பத்தொன்பது வயது மதிக்கத்தக்க மோகன்தாஸ் காந்தி இலண்டனில் வந்து இறங்கினார். அவர் கையில் நான்கு அறிமுகக் கடிதங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று தாதாபாய் நௌரோஜிக்கு எழுதப்பட்டது. மற்றொன்று டாக்டர் மேத்தாவுக்கு எழுதப்பட்டது. அன்று மாலையே மேத்தா காந்தி தங்கியிருந்த விடுதிக்குச் சென்று அவரைக் கண்டார். குளிர்காலம் நெருங்கும் பருவத்தில் வெண்ணிற உடையணிந்து நின்ற இளைஞரைக் கண்டு புன்னகைத்தார். பேச்சினிடையே காந்தி மேத்தாவின் உயர்ந்த தொப்பியை எடுத்து அதன் மென்மயிரை எதிர்த்திசையில் தடவிவிட்டார். மேத்தா சற்றுச் சினந்து பார்த்தார்; பின்னர், பிறர் பொருளைக் கேளாமல் தொடலாகாது, உரத்துப் பேசலாகாது, முதற்சந்திப்பிலேயே தனிப்பட்ட வினாக்களைக் கேட்கலாகாது என்று அந்நாட்டு ஒழுகலாறுகளை அன்போடு எடுத்துரைத்தார். விடுதியில் தங்கிச் செலவழிப்பதை விட ஒரு குடும்பத்தோடு தங்குவதே நன்று என்று அறிவுறுத்தி, ரிச்மண்டில் இருந்த ஒரு நண்பரிடம் அவரை ஒப்படைத்தார்.

சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும் புதிய நாட்டுக்கு முதலில் சென்றவர், பின்னால் வருபவர்க்குச் செய்யவேண்டிய கடமை இதனுள் அடங்கியுள்ளது. அந்நாட்டின் வழக்கத்தை மறைக்காமல் சொல்லவேண்டும்; வந்தவரின் சிறுமையை எள்ளலாகாது; தங்க ஓர் இடமும் காட்டவேண்டும். மேத்தா இம்மூன்றையும் செய்தார்.

பம்பாய் இல்லத்தில் ஒரு சந்திப்பு

1891ஆம் ஆண்டு ஜூலையில் காந்தி பாரிஸ்டராகிப் பம்பாய் திரும்பினார். கப்பல் துறைக்கு வந்திருந்த தமையனாரையும் அவரையும் மேத்தா வற்புறுத்தித் தம் இல்லத்திலேயே தங்கச் செய்தார். தாயார் இறந்துவிட்ட துயரச் செய்தியைத் தமையனாரின் வாயிலாகக் காந்தி அறிந்ததும் அப்போதுதான்.

அதே இல்லத்தில்தான் காந்தியடிகளின் வாழ்வைத் திருப்பிய மற்றொரு சந்திப்பும் நிகழ்ந்தது. மேத்தாவின் தமையனார் ஒருவரின் மருமகன் இராய்சந்திரர். நம்மவர் ஸ்ரீமத் இராஜசந்திரர் என்று போற்றும் ஞானி அவரே. அப்போது அவர்க்கு இருபத்தைந்து வயதும் நிரம்பவில்லை. மேத்தாவின் உடன்பிறந்தவராகிய ரேவாசங்கர் ஜகஜீவனின் மணி வணிகத்தில் அவர் பங்காளியாக இருந்தார். ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கருத்தைச் செலுத்தவல்ல சதாவதானி என்று மேத்தா அவரை அறிமுகம் செய்துவைத்தார். காந்தி தாம் அறிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் அடுக்கிக் கூற, இராஜசந்திரர் அவற்றை அதே வரிசையில் திருப்பிக் கூறினார். நினைவாற்றல் காந்தியை வியக்க வைத்தது. ஆனால் அவரைப் பிணித்தது வேறு. இலட்சக்கணக்கில் வணிகம் செய்துகொண்டே, கணக்கு முடிந்ததும் சமய நூலைத் திறந்து ஆன்ம விசாரணையில் ஆழ்ந்துவிடும் அவரது பற்றற்ற நிலையே அது.

பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் கிறித்தவ நண்பர்கள் மதம் மாறுமாறு வற்புறுத்தியபோது காந்தி மனம் குழம்பினார். 1894இல் தம் ஐயங்களை இருபத்தேழு வினாக்களாக எழுதி இராஜசந்திரருக்கே அனுப்பினார். அவர் அளித்த விடைகள் காந்தியின் கலக்கத்தைத் தணித்தன. தம் வாழ்வில் ஆழப் பதிந்த மூவருள் நேரில் பழகிப் பதிந்தவர் இராஜசந்திரர் ஒருவரே என்று காந்தியடிகள் பிற்காலத்தில் எழுதினார். ஏனைய இருவராகிய தால்ஸ்தாயும் ரஸ்கினும் நூல்வழியே வந்தவர்கள்.

நமக்கும் இராஜசந்திரரோடு ஓர் உறவு உண்டு. சுவேதாம்பரச் சூழலில் வளர்ந்த அவர், நம் பொன்னூர் மலையோடு பிணைத்துப் போற்றப்படும் ஆசாரியர் குந்தகுந்தரின் நூல்களையும் பெரிதும் மதித்தார். இரு பிரிவினரின் நூல்களையும் பதிப்பிக்க ஓர் அமைப்பையும் தோற்றுவித்தார். காந்தியடிகளுக்கும் சமண அறத்துக்கும் இடையே உண்டான நேர்முக உறவுக்கு மேத்தாவின் இல்லமே வாயிலாயிற்று. வாயிலைத் திறந்தவரோ, தம் பெயரை முன்னிறுத்தாமல் ஒதுங்கி நின்றார்.

இரங்கூன் வாழ்க்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மேத்தா பர்மாவுக்குச் சென்று இரங்கூனில் குடியேறினார். 1886 முதல் 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. அரிசி வணிகமும் துறைமுகமும் வளர வளரத் தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் குசராத்தியரும் கப்பல் கப்பலாகச் சென்று இறங்கினர். ஒரு கட்டத்தில் இரங்கூன் நகர மக்களிற் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியராயினர். மேத்தாவின் இல்லம் முகல் தெருவில் இருந்தது. நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகள் வைத்துத் தொழில் நடத்திய தெருவும் அதுவே. மருத்துவமும் சட்டமும் கற்ற மேத்தா, குடும்பத் தொழிலாகிய மணி வணிகத்தில் ஈடுபட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். இரங்கூன்வாழ் இந்தியர்களின் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காந்தியடிகள் இரங்கூன் சென்று நண்பரைக் கண்டார். பர்மியப் பெண்களின் உரிமையும் சுறுசுறுப்பும் அவரை மகிழ்வித்தன. ஆனால் மற்றொன்று அவரை உறுத்தியது. ஆங்கில வணிகர்க்கு இந்தியர் தரகராகியிருப்பது போல, அந்த ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்டு இந்திய வணிகர் பர்மியரைத் தமக்குத் தரகராக்கியிருக்கின்றனர் என்பதை அவர் கண்டு தம் வரலாற்றில் எழுதிவைத்தார். குடியேறிய வணிகர் ஒவ்வொருவர் நெஞ்சையும் தொடும் குற்றச்சாட்டு இது. மேத்தாவும் அவ்வணிகருள் ஒருவரே. தாம் ஈட்டிய பொருளை அவர் எவ்வழியில் செலவிட்டார் என்பதைக் கொண்டே அவரை நாம் மதிப்பிடவேண்டும்.

பொருள் சென்ற வழி

தென்னாப்பிரிக்காவில் இந்தியர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை எதிர்த்து நடந்த சத்தியாக்கிரகத்துக்கு மேத்தா இரங்கூனிலிருந்து தொடர்ந்து பொருளுதவி செய்தார். அப்போராட்டத்தில் சிறை சென்றோருள் தமிழர் தொகை மிகப் பெரிது என்பது நாம் அறிந்ததே. அப்போராட்டத்தின் உண்மையை இந்திய மக்களுக்கு விளக்கும் நூலொன்றையும் மேத்தா ஆங்கிலத்தில் எழுதினார். அதனை வெளியிட்டது சென்னையில் இருந்த ஜி. ஏ. நடேசன் நிறுவனம். இரங்கூனில் வாழ்ந்த ஒரு குசராத்திச் சமணர், தமிழ்த் தொழிலாளர் பெரும்பங்கு கொண்ட போராட்டத்தைப் பற்றி எழுதிய நூல் சென்னையில் அச்சாயிற்று.

போனிக்ஸ் குடியிருப்பிலிருந்து இளைஞர் இங்கிலாந்து சென்று பயிலவும் அவர் பொருள் அளித்தார். அவ்வுதவியைத் தம் மக்களுக்குக் காந்தியடிகள் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பார்சி இனத்தவரான சொராப்ஜி அடாஜானியா என்னும் தொண்டரைத் தேர்ந்து அனுப்பினார். சொராப்ஜி பாரிஸ்டராகித் தென்னாப்பிரிக்கா திரும்பித் தொண்டாற்றி இளமையிலேயே காசநோயால் மறைந்தார். கொடுத்தவர் சமணர், தேர்ந்தவர் வைணவர், பெற்றவர் பார்சி, பயன் கொண்டோர் எல்லா மதத்தவரும் அடங்கிய தொழிலாளர். கொடுத்தபின் அப்பொருள் யாரிடம் செல்லவேண்டும் என்று மேத்தா கட்டளையிடவில்லை என்பதே இதில் நாம் கருதத்தக்கது. நம்முள் பலர் கொடுக்கிறோம். கொடுத்த பொருளின் மேலுள்ள பிடியை விடுவதில்தான் தயங்குகிறோம்.

காந்தியடிகள் இந்தியா திரும்பியபின் அகமதாபாத்தில் நிறுவிய ஆசிரமத்துக்கும் மேத்தாவின் கை நீண்டது. குசராத் வித்தியாபீடத்தில் மாணவர் விடுதியொன்று இன்றும் பிராண்ஜீவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. பம்பாயில் காந்தியடிகள் பல்லாண்டுகள் தங்கிய மணிபவன் மேத்தாவின் உடன்பிறந்தவர் ரேவாசங்கருக்கு உரிய இல்லமே.

வினவிய நண்பர்

மேத்தா பொருள் கொடுத்தவர் மட்டும் அல்லர். வினாக் கேட்டவரும் ஆவார். 1909இல் காந்தியடிகள் இலண்டனில் இருந்தபோது மேத்தாவும் அங்குச் சென்றிருந்தார். இருவரும் நெடுநேரம் உரையாடினர். காந்தியின் கருத்துகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று மேத்தா முதலில் எண்ணினார்; தம் ஐயங்களை மறைக்காமல் எடுத்துரைத்தார். அவ்வாண்டு நவம்பரில் கப்பலில் திரும்பும்போது காந்தியடிகள் எழுதிய இந்து சுயராச்சியம் என்னும் நூல் வினாவும் விடையுமாக அமைந்தது. தம் அரிய நண்பர் மேத்தாவுக்காகவே அந்நூலை எழுதியதாகவும், அதில் உள்ள வாதங்கள் பெரும்பாலும் அவரோடு நிகழ்ந்தவையே என்றும் பல்லாண்டுகள் கழித்துக் காந்தியடிகள் தெரிவித்தார். அதே 1909இல் கோகலேவுக்கு எழுதிய கடிதத்தில் மேத்தா காந்தியை மகாத்மா என்று குறித்தார். உலகம் அப்பெயரால் அவரை அழைக்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

மாறுபட்ட கருத்தைச் சினமின்றிக் கேட்பதும், உண்மை எனத் தெளிந்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்வதும் அநேகாந்தத்தின் நடைமுறைப் பயன். மேத்தா அவ்வாறே நடந்துகொண்டார்.

ஐரோப்பாவில் பயின்று ஆங்கிலத்தில் புலமை பெற்ற அவர், இந்தியப் பிள்ளைகள் தாய்மொழியிலேயே பயிலவேண்டும் என்று வாதிட்டதும் குறிப்பிடத்தக்கது. அது பற்றிய கட்டுரைகளைச் சென்னையிலிருந்து வெளிவரும் வேதாந்த கேசரி இதழுக்கு எழுதினார். பின்னர் அவை தனி வெளியீடாக வந்தபோது காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். மக்கள் பேசும் மொழியில் அறம் உரைத்த பகவானின் மரபிலும், தமிழில் காப்பியமும் நீதி நூலும் இலக்கணமும் இயற்றிய சான்றோர் மரபிலும் வந்த நமக்கு இக்கருத்தின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

இறுதிக் காலம்

காந்தியடிகள் 1915இலும் 1929இலும் மீண்டும் இரங்கூன் சென்றார். இரண்டாவது பயணத்துக்கு மறு ஆண்டு, 1930 மே மாதத்தில், இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்க்கும் பர்மியத் தொழிலாளர்க்கும் மூண்ட பூசல் நகரமெங்கும் கலவரமாகப் பரவிப் பல உயிர்களைப் பறித்தது. காந்தியடிகள் 1902இல் கண்ட குறை தீராமலே வளர்ந்து வெடித்தது. தனி ஒருவரின் ஈகை எத்துணைப் பெரிதாயினும், ஒரு சமுதாயம் முழுவதும் தான் வாழும் மண்ணுக்குச் செலுத்தவேண்டிய கடனை அது அடைத்துவிடாது. இந்த உண்மையையும் மேத்தாவின் வரலாற்றோடு சேர்த்தே நாம் படிக்கவேண்டும்.

1932 ஆகஸ்டில் டாக்டர் மேத்தா இரங்கூனில் காலமானார். அப்போது காந்தியடிகள் எரவாடாச் சிறையில் இருந்தார். நாற்பத்து நான்கு ஆண்டு நட்பு அவ்வாறு முடிவுற்றது.

இன்று நம் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் சென்று நன்கு வாழ்கின்றனர். நம் சிற்றூர் ஜினாலயங்களின் விழாக்களும் திருப்பணிகளும் அவர்கள் அனுப்பும் பொருளால் நடைபெறுகின்றன, மகிழத்தக்கதே. அதனோடு, தாம் வாழும் ஊரில் தமக்கு அடுத்த வீட்டாராகிய வேற்று மொழியினர்க்கும் வேற்றுச் சமயத்தினர்க்கும் அவர்கள் என்ன செய்தார்கள் என்று விடுமுறைக்கு வரும்போது நாம் கேட்கவேண்டும். புதிதாக வந்த ஒரு மாணவனுக்குத் தங்க இடம் காட்டினார்களா என்றும் கேட்கலாம். மேத்தாவின் நெடிய அறவாழ்வில் நாம் அறியும் முதல் செயல் அதுதான்.