வைரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த சிம்லா வியாபாரி! யார் இந்த ஜேக்கப்?

ஓசூரில் உங்களுக்கு நண்பர்கள் யாராவது இருந்தால், டைட்டன் வாட்ச்சும் தனிஷ்க் நகையும் எங்க ஊர்லதான் தயாராகுதுன்னு ஒரு தடவையாவது பெருமையடிச்சிருப்பாங்க. சரி, கடையில் ஒரு மோதிரம் வாங்கும்போது நீங்க என்ன பண்ணுவீங்க? ஹால்மார்க் இருக்கான்னு பார்ப்பீங்க. சந்தேகம் வந்தா, அதிலிருக்கும் 6 எழுத்து கோடை ‘பி.ஐ.எஸ் கேர்’ ஆப்பில் தட்டிப் பார்ப்பீங்க.

இப்படி எந்த வசதியும் இல்லாத காலத்தில், ஒரே ஒரு மனிதரின் வாய்வார்த்தையை நம்பி ராஜாக்கள் லட்சக்கணக்கில் பணத்தைக் கொட்டினார்கள். அவர்தான் அலெக்ஸாண்டர் மால்கம் ஜேக்கப்.

ஒட்டோமான் பேரரசில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அடிமையாக விற்கப்பட்டதாகச் சொல்லிக்கொண்டார். அவர் சொன்னதில் எது நிஜம், எது சரடு என்பது வேறு விஷயம். எப்படியோ இந்தியா வந்து, ஆங்கிலேயர்களின் கோடைக்காலத் தலைநகரான சிம்லாவில் கடை போட்டார். பழைய நகைகள், மரகதம், கெம்பு, வாள், விக்ரகம் என்று கடை முழுக்க அரிய சரக்கு. மந்திரவாதி, உளவாளி என்றெல்லாம் அவரைப் பற்றி ஊருக்குள் பேச்சு. ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலில் வரும் லர்கன் சாஹிப் பாத்திரத்துக்கு இவர்தான் மூலம்.

பழைய நகைக்கு இன்றைய தங்கம் மாதிரி தினசரி ரேட் கிடையாது. ஒரு கெம்புக்கு என்ன விலை என்று வியாபாரி சொல்வதுதான் கணக்கு. விற்கிறவருக்கும் தன் பெயர் வெளியே வரக் கூடாது. ஆக, ஜேக்கப்பின் உண்மையான முதலீடு கல் இல்லைங்க, அவர் மேல் இருந்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு வேட்டு வைத்ததும் ஒரு கல்தான். அதுவும் நிறமில்லாத கல்!

தென்னாப்பிரிக்காவில் கிடைத்து, பட்டை தீட்டிய பிறகும் 184 காரட்டுக்கு மேல் இருந்த ‘இம்பீரியல்’ வைரம் அப்போது லண்டனில் இருந்தது. இன்றைய கோஹினூர் சுமார் 105 காரட்தான், ஒப்பிட்டுப் பாருங்க. 1891-ல் ஹைதராபாத்தின் 6-வது நிஜாம் மஹபூப் அலி கானிடம் இதற்கு 46 லட்சம் ரூபாய் விலை பேசினார் ஜேக்கப். பாதிப் பணம், அதாவது 23 லட்சம் முன்பணமாக வந்தது. நடுவில் நின்றவர் நிஜாமின் பணியாளர் ஆல்பர்ட் ஆபிட். ஹைதராபாத் போனால் நீங்க ஷாப்பிங் சுற்றும் ஆபிட்ஸ் ஏரியா இவர் பெயரில்தான் இருக்கிறது.

விஷயம் ஆங்கிலேய ரெசிடென்ட் காதுக்குப் போனது. சமஸ்தானத்தின் நிதி நிலைமையில் இவ்வளவு பெரிய செலவா என்று எதிர்ப்பு. கல்லைப் பார்த்த நிஜாமும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஆனால், ஜேக்கப் அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் வைரத்தையே வரவழைத்திருந்தார்!

நம்பிக்கை மோசடி என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்கு. நிஜாமிடமே சாட்சியம் வாங்கினார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய பரபரப்பு. 1891 டிசம்பரில் ஜூரிகள் ஜேக்கப்பை விடுதலை செய்தார்கள்.

அப்புறம் என்ன, ஹேப்பி எண்டிங்னு நினைக்காதீங்க. வைரம் கடைசியில் நிஜாமிடமே போனது. மீதி 23 லட்சம் ஜேக்கப் கைக்கு வரவே இல்லை. ஒரு நிஜாமைக் கோர்ட்டில் நிறுத்திய வியாபாரியிடம் மற்ற ராஜாக்கள் ஏன் வரப்போகிறார்கள்? பழைய பாக்கியையாவது வசூலிக்கலாம் என்றால், அரசின் அனுமதி இல்லாமல் ஆளும் மன்னர் மீது சிவில் வழக்கு போட அன்றைய சட்டத்தில் வழியில்லை. எனக்கு இதில் மோசடியைவிட இந்தச் சட்டம்தான் அநியாயமாகத் தெரிகிறது. சிம்லாவை விட்டுப் பம்பாய் போன ஜேக்கப், சின்ன அளவில் வியாபாரம் செய்து, வசதியை எல்லாம் இழந்து 1921-ல் இறந்துபோனார்.

வைரத்தின் கதை இன்னும் வேடிக்கை. அது 6-வது நிஜாமின் ஷூ முனையில் கிடந்ததாகவும், மகன் உஸ்மான் அலி கான் அதைக் கண்டெடுத்து பேப்பர் வெயிட்டாக வைத்திருந்ததாகவும் சொல்வார்கள். 1995-ல் நிஜாமின் 173 நகைகளை இந்திய அரசு சுமார் 218 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது இதுவும் வந்தது. ரிசர்வ் வங்கியின் பெட்டகத்தில் இருக்கும் இந்தக் கல், 2019-ல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வந்தது. ‘இம்பீரியல்’ என்ற பழைய பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. கூகுளில் தேடுவதாக இருந்தால் ‘ஜேக்கப் வைரம்’ என்று தேடுங்க.